வெற்றி வெட்டு

வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுத்துப் பார்க்கிறவன். அதனால் மேடம், "நடந்ததை உன் கையாலேயே எழுது" என்று நீங்கள் பேப்பரும் பேனாவும் கொடுத்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் மாறும். எழுதினால் படித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உண்டு என்பதால் கையும் வலிக்காது. என்னைச் சாட்சியாகத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். எழுதி முடிக்கும்போது அது மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் வெற்றி. திருவொற்றியூர் குப்பத்துக்காரன். அப்பா விசைப்படகில் போகிறார். அம்மா கன்னியம்மா கருவாடு போட்டு விற்கிறாள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் வாந்தி வரும். எங்கள் பக்கத்தில் இதை வெளியே சொல்ல முடியாது. அதனால் பையனுக்குப் படிப்பில் ஆசை என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு படிக்கவும் வேண்டியதாகிவிட்டது. பகலில் விம்கோ நகரில் தவசிமுத்து அண்ணாச்சியின் பட்டறையில் வேலை செய்கிறேன். மாலையில் பாலிடெக்னிக்கில் பகுதி நேர டிப்ளமோ, மெக்கானிக்கல்.

அண்ணாச்சியைப் பற்றித் தவறாக எதுவும் எழுத மாட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹார்டுவேர் கடை வைத்தவர். விற்கிற பொருளை நாமே செய்தால் என்ன என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியதில் பட்டறை வந்தது. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். லாரி வாட்டர் பம்பு, கார் கைப்பிடி, மிக்ஸி மூடி எல்லாம் எங்களிடம் உண்டு. ஒரு தடவை பல் பிடுங்கப் போனவர் பல் டாக்டருடைய நாற்காலியின் நெம்புகோலை அளந்துகொண்டு வந்துவிட்டார். பல்லைப் பிடுங்க மறந்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு விதி. "ஒரிஜினல்ல என்ன உண்டோ அது நம்மள்ல இருக்கணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது" என்பார். என்னை அவருக்குப் பிடித்துப் போனதற்குக் காரணமும் அதுதான். அளப்பதில் எனக்கு அலுப்பு வராது. அளந்ததை நம்பாததால் திரும்பவும் அளப்பேன்.

போன வருடம் மேத்யூ சார் பட்டறைக்கு வந்தார். ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவரம் பக்கம் சின்ன விமானம் விடுவார். பொம்மை விமானம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அந்த விமானத்தில் வைக்கிற ஜெட் எஞ்சின் ஒன்றைப் பேரிங் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுச் சரக்கு. தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் பருமன். உள்ளே ஒரே தண்டு. அதன் ஒரு முனையில் காற்றை இழுக்கும் சக்கரம், மறு முனையில் நெருப்பில் சுற்றும் சக்கரம். மண்ணெண்ணெயில் ஓடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

பேரிங் மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். அண்ணாச்சி எஞ்சினைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். மேத்யூ சாரிடம் பேரிங் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்று போனில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏல வெற்றி, அளந்துரு" என்றார்.

அளந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் வரைந்தேன். பின்பக்கச் சக்கரத்தின் முதுகில், ஓரமாக, ஒரு தேய்ப்பு இருந்தது. நகக்கண் அளவுதான். யாரோ கிரைண்டரால் ஒரு தடவை தொட்டு எடுத்தது போல. அதன் நீளம், ஆழம், எந்த இறக்கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றினேன். மறுநாள் சந்தேகம் வந்து திரும்பவும் அளந்தேன். சரியாகவே இருந்தது.

லேத்தில் நிற்கும் சௌக்கத் அலி பாய் வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, எலி கடிச்சா மாரி கீது?"

"ஒரிஜினல்ல கீது பாய்."

"ஒரிஜினலையே எலி கடிச்சிருந்தா?"

அண்ணாச்சி நடுவில் புகுந்தார். "பாய், வெள்ளக்காரன் காரணம் இல்லாம ஒண்ணு வைக்க மாட்டான். காத்து போறதுக்குன்னு வச்சிருப்பான். நம்ம ரெண்டு பேரு கண்ணுல பட்டுச்சா? படல. பய கண்டுபுடிச்சிட்டாம்லா." என் முதுகில் தட்டினார். அன்று பட்டறையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை. நாட்குறிப்பில் பஜ்ஜியைப் பற்றியும் எழுதினேன்.

எங்கள் எஞ்சினுக்கு முத்து ஜெட் என்று பெயர் வைத்தார்கள். மேத்யூ சாருடையது ஒரே சுருதியில் ஊதும். எங்களுடையது பல்வலிக்காரர் போல ஊளையிட்டது. முதல் ஓட்டத்தில் மேசை மேலிருந்த டீ கிளாஸ் தானாக நடந்து போய்க் கீழே விழுந்தது. "பவர் பாத்தியளா" என்றார் அண்ணாச்சி.

வெளிநாட்டு எஞ்சினின் விலையில் கால்வாசிகூட இல்லாததால் விமானம் விடுகிறவர்கள் ஆசையாக வாங்கினார்கள். சனிக்கிழமை வாங்கியவர்கள் திங்கட்கிழமை திருப்பிக்கொண்டு வந்தார்கள். பேரிங் கருகியிருக்கும். அல்லது சக்கரம் கூட்டில் உரசியிருக்கும். ஒருவருடைய எஞ்சின் ஓர் இறக்கையை உதிர்த்தது. அது பக்கத்தில் நின்ற அவருடைய காரின் கதவைத் துளைத்துக்கொண்டு போய், உள்ளே சீட்டில் உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி அவருக்குப் புது எஞ்சினும் ஒரு காலண்டரும் காருக்குக் கதவுக் கைப்பிடியும் கொடுத்து அனுப்பினார். கைப்பிடியும் எங்கள் தயாரிப்புதான்.

"புதுச் செருப்பு மாதிரில. கொஞ்ச நாளைக்குக் கடிக்கும்" என்றார் என்னிடம்.

அந்தச் சமயத்தில்தான் பாலிடெக்னிக்கில் சமநிலைப்படுத்துதல் பாடம் வந்தது. எந்தச் சக்கரமும் வார்ப்பில் ஒரே சீராக வராது என்று ஆசிரியர் சொன்னார். ஏதோ ஒரு பக்கம் இம்மி எடை கூடுதலாக இருக்கும். மெதுவாகச் சுற்றினால் தெரியாது. வேகமாகச் சுற்றும்போது அந்த இம்மி சம்மட்டி போல அடிக்கும். அதனால் கனமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் கொஞ்சம் தேய்த்துவிடுவார்கள். அந்தத் தேய்ப்பு ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வோர் இடத்தில் வரும்.

எனக்குக் காது சுட்டது. அதாவது, ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்த தழும்பைப் பார்த்துவிட்டு, ஊரில் உள்ள எல்லோருடைய வயிற்றையும் அதே இடத்தில் கிழித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தழும்பை அளந்து கொடுத்தவன் நான். எங்கள் சக்கரங்கள் சுமாராக இருந்திருக்கும். என் வெட்டுதான் ஒவ்வொன்றையும் கெடுத்தது. அன்று நாட்குறிப்பில், "சமநிலைப்படுத்துதல் பாடம். நன்றாக நடத்தினார்" என்று மட்டும் எழுதினேன். நாட்குறிப்பை நான் மட்டும்தான் படிக்கிறேன். இருந்தாலும் அதற்கு மேல் எழுத வரவில்லை.

அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு உங்களுக்கு கமாலைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் முன்பு வேலை பார்த்தவர். சேர்ந்த புதிதில் ஒரு திருகாணியை இடப்பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திருப்பி உடைத்துவிட்டார். பாய் அன்றைக்கு அவருக்கு லெஃப்ட்டு என்று பெயர் வைத்தார். கமால் இப்போது மாதவரத்தில் சொந்தமாக லாரி ரிப்பேர் ஷெட்டு வைத்திருக்கிறார். அவருடைய கல்யாணத்துக்கு ரோட்டில் வைத்த பேனரிலேயே "லெஃப்ட்டு கமால்" என்றுதான் போட்டிருந்தது. வைத்தது அவருடைய நண்பர்கள். மாமனார் வீட்டார் அவரை அரசியல்வாதி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு திருகாணிக்கே இவ்வளவு. நான் பட்டறை செய்த எஞ்சின் எல்லாவற்றிலும், ஒன்று விடாமல், ஒரே இடத்தில், மிகத் துல்லியமாகத் தப்புச் செய்திருந்தேன். எலிக்கடி வெற்றி என்ற பெயர் என் பிள்ளைகளின் பள்ளி வரை வரும் என்று எனக்குத் தெரிந்தது. நான் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. தரம், பாதுகாப்பு பற்றி அண்ணாச்சியிடம் முறையாகப் பேசினேன். சக்கரத்துக்கு நாம் போடுவது பாத்திரக் கடை ஸ்டீல், அந்தச் சூட்டில் இழுபடும் என்றேன். பேரிங் சாதாரண பேரிங், அந்த வேகத்துக்குத் தாங்காது என்றேன். சுற்றிலும் தடித்த கவசம் வைக்க வேண்டும் என்றேன். எல்லாம் உண்மை. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணாச்சி கண் கலங்கிவிட்டார். "எம் பெத்த புள்ளைக்குக்கூட இம்புட்டு அக்கற கிடையாதுல" என்றார். ஸ்டீலையோ பேரிங்கையோ மாற்றவில்லை. ஒவ்வோர் எஞ்சினிலும் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அடித்தார். "தரம் பார்த்தவர்: வெற்றி" என்று என் போன் நம்பரோடு. விளம்பரத் தாளில் அந்தத் தேய்ப்பைப் பெரிதாகப் படம் போட்டு, அம்புக்குறி வைத்து, "வெற்றி வெட்டு" என்று அச்சிட்டார்.

சரி, வெட்டையாவது சத்தமில்லாமல் விட்டுவிடுவோம் என்று ஒரு சக்கரத்தை வெட்டு இல்லாமல் அனுப்பிப் பார்த்தேன். அண்ணாச்சி பூதக்கண்ணாடியோடு வந்து அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். வாடிக்கையாளர்களிடம், "வெட்டு இல்லாட்டி அது டூப்ளிகேட்டு, வாங்கி ஏமாந்துராதீய" என்று எச்சரிக்கவும் தொடங்கினார்.

பறக்க விடுகிறவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுத்து முடித்ததும், பறக்க விடாதவர்களுக்கு விற்கலாம் என்று அவர் முடிவு செய்தார். மழை பிடித்தால் கருவாடு காயாமல் அம்மா படும் பாட்டை நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அடுத்த வாரமே அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஜெட்டின் சூட்டில் கருவாடு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார்.

"மண்ணெண்ண வாட வந்தா எவ வாங்குவா? மூஞ்சிலயே கடாசிடுவாளுங்க" என்றாள் அம்மா.

"வாட வராது தாயி. கொழா வழியா சூடு மட்டுந்தான் வரும்."

"இதுக்கு முன்னாடி எங்கனா காய வச்சுப் பாத்துகீறியா அண்ணாச்சி?"

"ஒங்க கருவாடுதான் மொத கருவாடு."

அம்மாவுக்கு அதில் பெருமை வந்துவிட்டது. முதல் எஞ்சின் அவளுக்கு இலவசம். குப்பத்தில் மற்ற பெண்களும் பெயர் கொடுத்தார்கள்.

என் அம்மா தினமும் அதன் பக்கத்தில் நிற்பாள் என்றானதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நிறுத்த எளிய வழி ஒன்று இருந்தது. "அந்த வெட்டு தப்பு அண்ணாச்சி, புரியாம வரைஞ்சிட்டேன்." பட்டறை வாசலில் நின்று இதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். வாக்கியம் சின்னதுதான். உள்ளே போனதும் லேத்தில் பாய் நிற்பார். நான் டீ சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

அதனால் வேறு வழியை நிதானமாக யோசித்தேன். பலர் முன்னால் ஓர் எஞ்சின் வெடித்தால் வியாபாரம் நின்றுவிடும். சக்கரம் துண்டுதுண்டாகிவிடும், வெட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஸ்டீலும் பேரிங்கும்தான் காரணம் என்று நான் முன்பே சொல்லி வைத்தும் இருந்தேன். ஆனால் சும்மா வெடித்தால் போதாது. அண்ணாச்சி எல்லோருக்கும் காலண்டர் கொடுத்து முடித்துவிடுவார். யாருக்காவது கொஞ்சம் அடிபட வேண்டும். வேறு யாருக்கும் படுவது நியாயமாகத் தோன்றவில்லை. பொருள் அண்ணாச்சியுடையது, படுவதும் அவருக்கே படுவதுதான் முறை. இடுப்புக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில். அண்ணாச்சிக்குச் சதைப்பற்று உண்டு. உயிருக்கு ஆபத்து இல்லை என்று தோராயமாகக் கணக்கிட்டேன். தோராயம் என்றால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜெட் என்றால் எல்லோரும் பின்பக்கத்துக்குத்தான் பயப்படுவார்கள், நெருப்பு அங்கே வருவதால். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் முன்பக்கமும் நிற்க மாட்டார்கள். பக்கவாட்டில் வந்து கைகட்டி நிம்மதியாகப் பார்ப்பார்கள். சக்கரம் உடைந்தால் துண்டுகள் பறப்பது அந்தப் பக்கவாட்டில்தான். பட்டறையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் பாலிடெக்னிக்கில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல ஆசிரியர்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பத்துக்குப் பக்கத்தில், கடல் அரிப்புக்குப் போட்ட கருங்கல்லுக்கு இந்தப் பக்கம். பந்தல், மைக் செட், வாடகை நாற்காலிகள். முந்தின நாளே, இருந்ததில் அதிகம் ஊளையிடுகிற எஞ்சினைத் தேர்ந்தெடுத்து மேசையில் பூட்டினேன். வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தோம், அதை எடுத்துவிட்டேன். கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதைச் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் போட்டு, மேலே புதுத் துண்டு விரித்தேன். துண்டு விரித்த நாற்காலியில் முதலாளிதான் உட்காருவார் என்பது என் கணிப்பு.

இங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். நம் ஆட்கள் துண்டு விரித்த நாற்காலியில் தாங்களாக உட்கார மாட்டார்கள். இன்னொருவரைத்தான் உட்கார வைப்பார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்ததும், சிறப்பு விருந்தினர் மேத்யூ சாரை உட்காரச் சொன்னார். தன் எஞ்சின்தான் இதற்கு மூலம் என்று சாருக்குப் பந்தல் வாசலிலேயே புரிந்துவிட்டிருந்தது. "என்னோடது மாதிரியே இருக்கே" என்றார். "எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்" என்றார் அண்ணாச்சி. சார் நல்ல மனிதர், அதோடு விட்டுவிட்டார். வயதில் பெரியவர் நிற்கும்போது நான் எப்படி என்று பாயைக் கை காட்டினார்.

"நா உக்காந்தா எவன் வேல பாக்கறது? அந்தம்மா உக்காரட்டும். அதுக்குத்தான இன்னிக்கி விசேஷம்" என்றார் பாய்.

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பொன்னாடை போர்த்த அண்ணாச்சி சால்வையோடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். எஞ்சின் அப்போது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் என் கையில்.

நான் அம்மாவிடம் போனேன். "கொஞ்சம் தள்ளிப் போட்டு உக்காரும்மா."

"இன்னாத்துக்கு?"

"வெயிலு."

"பொறந்ததுலேந்து வெயில்லதான் கீறேன். தள்ளிப் போனா போட்டோல வருவனா? போடா அப்பால."

திரும்பி என் இடத்துக்கு வந்தேன். அணைத்துவிட்டு, எஞ்சினில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று முடிவும் செய்தேன். இதை நீங்கள் நம்பலாம். ஆனால் அதற்குள் மேத்யூ சார் பேச எழுந்தார். அவர் பேச நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டில் சக்கரம் ஒன்றை ரோஜாப்பூவோடு வைத்திருந்தார்கள். வெட்டு தெரிய வேண்டும் என்று அண்ணாச்சி அதற்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார். சார் அதைக் கையில் எடுத்தார். மைக் வாய்க்கு நேராகவே இருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"அதான் சார் வெற்றி வெட்டு."

"எல்லாச் சக்கரத்துலயும் இதே இடத்துலயா?"

"ஒரு நூல் பெசகாது சார்."

சார் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறவர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார். "இதை வரைஞ்சது யாரு?"

"நம்ம பயதான். ஏல வெற்றி, முன்னால வா."

பாய் காதைத் தீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். குப்பமே உட்கார்ந்திருந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மைக்கில் தொடங்கினார் சார். "இந்தத் தேய்ப்பு எதுக்குன்னா..."

நான் ரிமோட்டின் குச்சியைக் கடைசி வரை தள்ளினேன்.

வேறெந்தக் காரணமும் இல்லை மேடம். சத்தம் வேண்டும் என்றுதான் தள்ளினேன். எஞ்சின் ஊளையிட்டதில் மைக் காணாமல் போனது. சாரின் வாய் மட்டும் அசைந்தது. நான் தள்ளியபோது அம்மா நாற்காலியில்தான் இருந்தாள். இந்த வாக்கியத்தை வேறு மாதிரி எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை.

சத்தத்தில் மிரண்டு ஓர் ஆடு அம்மாவின் தார்ப்பாய்க்கு மேல், காய்ந்துகொண்டிருந்த வாளைக் கருவாட்டின் மேல், ஏறி ஓடியது. அம்மா எழுந்து அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். பிறகுதான் சக்கரம் உடைந்தது. ஆட்டை மிரள வைத்தது சத்தம். சத்தத்தைக் கூட்டியது நான். அந்த வகையில் பார்த்தால் என் அம்மாவைக் காப்பாற்றியது நான்தான். இதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு துண்டு பந்தலைக் கிழித்துக்கொண்டு போனது. ஒன்று மைக் செட்டுக்காரரின் பெட்டியில் புகுந்தது. இன்னொன்று காலி நாற்காலியின் முதுகைத் துளைத்து, பின்னால் சால்வையோடு நின்ற அண்ணாச்சியின் தொடையில் ஏறியது. நான் கணக்கிட்டிருந்த இடம்தான். நாற்காலி வேகத்தைத் தடுத்ததால் காயம் நினைத்ததைவிடக் குறைவு என்று டாக்டர் சொன்னார். "நினைத்ததைவிட" என்பது என் சேர்க்கை. அவர் குறைவு என்று மட்டும்தான் சொன்னார்.

"இன்னாடா டமால்னு கேட்டுச்சு?" என்று ஆட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள் அம்மா. அண்ணாச்சி சால்வையைத் தொடையில் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல தாயி. வாட வந்துச்சா?" என்றார்.

அதன் பிறகு எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணாச்சி எல்லோரிடமும் தன்னையே திட்டிக்கொண்டார். "பய அப்பமே சொன்னான், ஸ்டீலு சரியில்ல, பேரிங்கு சரியில்லன்னு. நாந்தான் கேக்கல. அவன் மேல ஒரு குத்தமும் கெடையாது." உங்களிடமும் இதையேதான் சொல்லியிருப்பார். மிச்சமிருந்த எஞ்சின்களை உடைத்து உருக்கப் போட்டுவிட்டார்கள். குப்பத்துப் பெண்கள் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இனி யாருக்கும் ஆபத்து இல்லை. தரமும் பாதுகாப்பும் முக்கியம் என்று பட்டறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதற்கு நான் காரணம் என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

நேற்று மேத்யூ சார் ஆரஞ்சுப் பழத்தோடு அண்ணாச்சியைப் பார்க்க வந்தார். பாயும் இருந்தார், நானும் இருந்தேன். அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சார் அங்கே சொல்லி முடித்துவிட்டார். இந்த முறை என் கையில் ரிமோட் இல்லை.

பாய் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தார். "நா அன்னிக்கே கேட்டன்ல, எலி கடிச்சா மாரி கீதுன்னு! பஜ்ஜி வேற துன்னானே!" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். "ஏல கோட்டிப்பயல" என்று அவரும் சிரிக்கத் தொடங்கினார். தையல் வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். "சின்னப்பய, தெரியாமச் செஞ்சிட்டான், விடுங்க பாய்" என்றார். தெரியாமல் என்று இரண்டு தடவை சொன்னார்.

இன்று காலை டீக்கடையில், "எலிக்கடிக்கு ஒரு டீ" என்று குரல் கேட்டது. சொன்னவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அம்மா, "இன்னாடா உன்ன எலிக்கடிங்கிறானுங்க, ஊசி போட்டியா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு இங்கே வந்தால், உங்கள் ரைட்டர் எழுதி வைத்திருந்த தாளில் "அறியாமையால் நேர்ந்த விபத்து" என்று இருந்தது. அறியாமை என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். விபத்தும் இல்லை என்பதை மேலே விளக்கமாக எழுதிவிட்டேன். எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது, வரம்பை எடுத்தது, நாற்காலியைப் போட்டது, குச்சியைத் தள்ளியது எல்லாம் நான் நன்றாக யோசித்துச் செய்தவை.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்ததில் ஒரு திருத்தம் உண்டு. பாலிடெக்னிக்கில் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது என்று மேலே ஒரு பத்தி வருகிறது. அதை அடித்துவிடுகிறேன். அந்த வெட்டு எதற்கு என்று எனக்கு முதல் நாளே தெரியும். அண்ணாச்சியைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டு, தெரிந்தேதான் அளந்து வரைந்தேன். கொலை முயற்சி என்று போட்டுக்கொள்ளுங்கள் மேடம், எனக்கு ஆட்சேபணை இல்லை. சௌக்கத் அலி பாயைக் கூப்பிட்டு அதைச் சத்தமாக ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும்.